குரைக்கப் பழகாத சுக்கு

1

எங்கள் வீட்டு நாய்க்கு வேலை வந்திருக்கிறது. பழனியிலிருந்து பேசிய தம்பியிடம் சொன்னேன். "ஏங்க்கா, மச்சானுக்கு ஓவர்டைம் இல்லைன்னு போன மாசந்தான் பொலம்புன. இப்ப நாயை வேலைக்கு அனுப்புறியா?" என்று சிரித்தான். சம்பளம் கிடையாதுடா என்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதுதான் உண்மை. வேலை என்னவென்றால், காட்டில் வழி தவறியவர்களையும் மண்சரிவில் சிக்கியவர்களையும் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பது. பினாங்கு என்றதும் ஊரில் உள்ளவர்கள் கடலைத்தான் நினைக்கிறார்கள். தீவின் நடுவில் முதுகெலும்பு மாதிரி மலை ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதி ஊர் அந்த மலையில்தான் நடக்கும். ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒழுங்காக இறங்கி வருவதில்லை.

நாயின் பெயர் சுக்கு. நிறமும் அப்படி, உடம்பும் அப்படி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆயர் ஈத்தாம் காலைச் சந்தைக்குப் பின்னாலிருக்கும் சாக்கடையிலிருந்து என் மகள் யாழினி அதைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அவளுடைய வரலாற்றுப் பாடப் புத்தகம் சாக்கடை ஓரத்திலேயே தங்கிவிட்டது.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். நானும் யாழினியும் சுக்குவும் அணைக்கட்டுக்கு மேலே போகும் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று சுக்கு வாரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டது. கூப்பிட்டோம், விசிலடித்தோம். ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் தேடி, கடைசியில் யாழினிதான் ஒரு பாறைக்குப் பின்னால் பார்த்தாள். பாறையில் ஒரு சீனப் பெரியவர் கைத்தடியை ஓங்கியபடி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. அவருக்குப் பத்தடி தள்ளி சுக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது கடிக்குமா? வந்ததிலிருந்து என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறது" என்று அவர் மலாயில் கேட்டார். கால் பிசகிக் காலையிலிருந்து அங்கேயே இருக்கிறாராம். கைத்தொலைபேசிக்கு லைன் கிடைக்கவில்லை. அவருடைய கூட்டாளிகள் வேறு பாதையில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

யாழினி கொஞ்சம் மேலே ஏறி லைன் பிடித்துத் தகவல் சொன்ன பிறகு ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு வந்தவள்தான் சரஸ். கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிற பெண், முப்பது வயதிருக்கும். வார இறுதியில் ஒரு தன்னார்வத் தேடுதல் குழுவுக்கு நாய்களைப் பழக்குகிறாள். பெரியவரைத் தூக்குபடுக்கையில் ஏற்றிவிட்டு நேராக சுக்குவிடம் வந்தாள்.

"அக்கா, யாரும் சொல்லாமலே இது போயி ஆளைக் கண்டுபிடிச்சிருக்கு. மேலே பாயல, நக்கல, சாந்தமா உட்கார்ந்திருக்கு. இந்த மூக்கை வீட்டுல வெச்சு என்னா லா செய்யப் போறீங்க?"

அப்புறம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "ஆனா ஏன் குரைக்கல? குரைச்சிருந்தா நீங்க அப்பவே வந்திருப்பீங்கதானே?"

யாழினி என்னைப் பார்த்தாள். நான் பெரியவரின் கைத்தடியைப் பார்த்தேன்.

2

சுக்கு ஏன் குரைக்காது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் என் பி.ஆர். விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தவர். யாழினி நடக்கப் பழகிய கையோடு நானும் வந்து சேர்ந்தேன். வருடா வருடம் விசா புதுப்பித்துப் புதுப்பித்து, ஒருநாள் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு எழுதிப் போட்டோம். எழுதிப் போட்டதோடு என் தலையில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு முகம் கிடையாது. அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து என்னையே கவனித்துக்கொண்டிருப்பார். நான் சாலையைத் தப்பாகக் கடந்தால் குறித்துக்கொள்வார். குப்பையை நேரங்கெட்ட நேரத்தில் வெளியே வைத்தால் குறித்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில்தான் சுக்கு வந்தது. குட்டி என்றால் குரைக்கத்தானே செய்யும்? வரிசை வீட்டில் ஒரு சுவர்தான் இரண்டு குடும்பத்துக்கும். யாரோ புகார் கொடுத்து மாநகர் மன்றத்திலிருந்து ஒருவர் வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். நாய்க்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், சத்தம் பற்றிப் புகார் வந்திருக்கிறது என்றார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. இனிமேல் குரைக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். மலாய் வார்த்தை காலை வாரிவிட்டது. "அஞ்சிங் சாயா தாக் அடா முலுட்" என்றேன். என் நாய்க்கு வாயே இல்லை என்று அர்த்தம். அவர் குனிந்து சுக்குவைப் பார்த்தார். சுக்கு அவருக்கு வாயை நன்றாகத் திறந்து காட்டியது.

லைசென்ஸ் ஒரே காலையில் கிடைத்துவிட்டது. அதைப் பார்த்து என் கணவர், "வந்து நாலு மாசத்துல நாய் சட்டப்படி குடியேறிடுச்சு. நம்ம கதையைப் பாத்தியா?" என்றார்.

அவருக்கு எல்லாம் வேடிக்கை. நான் அன்று மாலையே ஆரம்பித்தேன். உதட்டில் விரலை வைப்பேன். சுக்கு வாயை மூடினால் ஒரு நெத்திலிக் கருவாடு. திறந்தால் கிடையாது. இரண்டே மாதத்தில் நெத்திலி வாசமும் என் விரலும் அதற்கு வேதமாகிவிட்டன. தபால்காரர் வந்தாலும் குரைக்காது, பூனை வந்தாலும் குரைக்காது. சீனப் பெருநாள் பட்டாசுக்குக்கூட மேசைக்கடியில் ஊமையாக நடுங்கும். நாய் குரைத்தால் பி.ஆர். போய்விடும் என்று உலகத்தில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன்.

போன வருடம் பி.ஆர். கிடைத்து, அதற்கான அடையாள அட்டை, சிவப்பு ஐ.சி., கைக்கு வந்தது. சுக்குவிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை.

3

இன்னொரு காரணம் பாத்திமா அக்கா. அடுத்த வீடு. அவருடைய வீட்டுக்காரர் குடும்பத்துக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக்கடை. முன்னோர்கள் ராமநாதபுரத்துப் பக்கம். அக்கா பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். நான் வந்த புதிதில் எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்தக் கடையில் முருங்கைக்கீரை கிடைக்கும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்கப்படி மண்ணும் தண்ணீருமாக ஏழு தடவை கழுவ வேண்டும். ஆகவே சுக்குவுக்கு நான் இன்னொன்றும் பழக்கினேன். கேட்டில் அக்காவின் தலை தெரிந்தால் அது நேராகச் செருப்பு அலமாரிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அக்கா போகும்வரை அசையக்கூடாது. இப்போதெல்லாம் யார் வந்தாலும் அதே தூரத்தில் உட்கார்ந்து மரியாதையாகப் பார்க்கிறது. பாறைமேல் இருந்த பெரியவருக்குக் கிடைத்தது பாத்திமா அக்காவுக்குரிய மரியாதை.

இதைச் சொன்னதும் சரஸ் துள்ளிவிட்டாள். "இதுதான் அக்கா எங்களுக்குக் கஷ்டமான பாடம்! காணாம போறவங்க எல்லா இனமும் இருப்பாங்க. தொடாம தள்ளி உட்கார்ந்து குரைக்கணும். நீங்க பாதி முடிச்சிட்டீங்க. மீதிப் பாதியைத்தான் கெடுத்து வெச்சிருக்கீங்க."

அன்று மாலை கேட்டுக்கு வெளியே நின்ற பாத்திமா அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நீங்க காட்டுல தொலைஞ்சு, நாய் வந்து கண்டுபிடிச்சா…"

"தெரியாம நக்கிட்டா என்ன செய்வேன்னு கேக்குறியா?" அக்கா சிரித்தார். "உயிரு போற நேரத்துல எவ லா அதைப் பாப்பா? மொதல்ல என்னைத் தூக்கிட்டு வரட்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து நான் ஏழு தடவை கழுவிக்கிறேன். சாபுன் வாங்க என் வீட்டுக்காரர்கிட்ட காசு இருக்கு."

செருப்பு அலமாரிப் பக்கமிருந்து சுக்கு வாலால் தரையைப் பெருக்கியது.

"ஆனா மல்லிகா," அக்கா குரலைத் தாழ்த்தினார், "உனக்குப் பயமா இருந்தா அனுப்பாதே. பிள்ளை மாதிரி வளர்த்துட்டே."

4

பயம்தான். மழைக்காலத்தில் மலைச்சரிவு பெயர்ந்து விழும்போது நாயை முதலில் விடுவார்கள். மனிதக் கால் வைக்க முடியாத இடத்தில்தான் நாய்க்கால் வைக்க வேண்டும். பாம்பு இருக்கும், பள்ளம் இருக்கும். சரஸ் மறைக்காமல் சொன்னாள். "காயம் படலாம் அக்கா. செத்தும் போகலாம். அதனாலதான் உங்க கையெழுத்து வேணும். லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு."

சரஸ் கேட்டதும் சரி என்று குதித்தது யாழினிதான். ஆனால் யாழினி இங்கே இருக்கப் போவதில்லை. சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. இங்கிருந்து விமானம் ஏறித்தான் போக வேண்டும். பயிற்சி இரண்டு வருடம் என்றால் அவள் கூட நிற்கப் போவது சில வாரங்கள்தான். பிறகு சனி, ஞாயிறு வாரைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓட வேண்டியவள் நான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள்.

"நீ பாட்டுக்கு ஆரம்பிச்சு வெச்சிட்டுப் போயிருவ. அப்புறம்?" என்று கேட்டேன்.

"மா, பிளீஸ் லா. சுக்குவுக்குத் திறமை இருக்கு. நீங்கதான் அதை ஷ்ஷ்ஷ் சொல்லியே வெச்சிருக்கீங்க." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டாள். "என்னையும்தான்."

"உன்னை எப்ப சொன்னேன்?"

"பஸ்ல தமிழ்ல பேசினா ஷ்ஷ். டீச்சர் மார்க் தப்பாப் போட்டா ஷ்ஷ், போய்க் கேக்காதே. பி.ஆர். வரட்டும். எல்லாத்துக்கும் பி.ஆர். வரட்டும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் முணுமுணுப்பது எனக்குப் புரிய வேண்டாம் என்றால் ஆங்கிலம் வேகமாக வரும். எனக்கு வலித்தது. அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

பழனியில் எங்கள் தெருவில் நாய் குரைத்தால் யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். குரைக்காவிட்டால்தான் எட்டிப் பார்ப்பார்கள். அது யார் நாய் என்றும் யாருக்கும் தெரியாது. சத்தம் போடுவதற்கு அங்கே யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, நாயும் சரி, நாங்களும் சரி. என்னைத் தவிர. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. ஏழெட்டு வயதில் பங்குனி உத்திரக் கூட்டத்தில் தொலைந்துபோனேன். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நின்றேன். ஒரு தேங்காய்க் கடையின் சாக்குப் படுதாவுக்குப் பின்னால். அப்பா என் பெயரைக் கத்திக்கொண்டு இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போனார். எனக்குக் கேட்டது. பதில் சொன்னால் கடைக்காரர் திட்டுவாரோ என்று வாயைத் திறக்கவில்லை. அப்புறம் தேங்காய் எடுக்க வந்த கடைக்காரரே பார்த்துத் தூக்கிக்கொண்டு போய் ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்தார். அப்பா வந்து ஒரு அறை விட்டுவிட்டு அழுதார்.

முடிவு சொல்லும் முன் ஒரே ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று சரஸ் சொன்னாள். அதற்கும் நான் பாதி மனதோடுதான் தலையாட்டினேன். சுக்கு தோற்றுவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

5

பாலேக் பூலாவ் பக்கம் ஒரு டுரியான் தோட்டம். பருவம் முடிந்து மரமெல்லாம் சும்மா நின்றது. சரஸ் விதியைச் சொன்னாள். "மொதப் பாடத்துல வீட்டு ஆளுதான் ஒளியணும். நீங்க ஒளிங்க. யாழினி நாயைப் பிடிச்சு வெச்சிருந்து விடுவா. சுக்கு வந்து குரைச்சாத்தான் தீனி. குரைக்கலன்னா நீங்க கல்லு மாதிரி கிடக்கணும். பாவம் பாக்கக்கூடாது. குரைச்சாத்தான் நாங்க வருவோம்."

சரிவில் இறங்கி, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டேன். கையில் நெத்திலிப் பொட்டலம். கொசு என்னைக் கண்டுபிடித்த வேகத்தைப் பார்த்தால் கொசுவையே பயிற்சிக்கு எடுக்கலாம்.

சுக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. மூக்கைத் தரையில் இழைத்துக்கொண்டு வந்தது, என்னைக் கண்டது. செருப்பு அலமாரித் தூரத்தில் நின்று, உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தது. சத்தமில்லை.

நான் அசையாமல் கிடந்தேன். அது ஒரு காலைத் தூக்கிக் காட்டியது. அப்புறம் மற்றக் காலை. வாயை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே விரல் இல்லாவிட்டாலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த மிக நல்ல நடத்தையை எனக்குச் செய்து காட்டுகிறது. பார், நான் எவ்வளவு அமைதியாக இருக்கிறேன், கருவாடு எங்கே என்கிறது.

மேலே யாழினியின் குரலும் சரஸின் குரலும் கேட்டன. அவர்கள் என்னைத் தாண்டி வலது பக்கமாகப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கமாகத் திரும்பிப் போனார்கள். பிறகு கேட்கவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. விளையாட்டுக்கு ஒளிந்தவள்தான் நான், ஆனால் பயம் விளையாட்டு இல்லை. அந்தத் தேங்காய்க் கடைப் படுதா வாசனைகூட வந்தது.

சபாவிலும் மலை இருக்கிறது. இங்கிருப்பதைவிடப் பெரிய மலை. என் மகள் சும்மா இருக்கிற ஜாதி இல்லை, முதல் விடுமுறையிலேயே ஏறுவாள். அங்கே அவள் எங்காவது கால் பிசகி உட்கார்ந்திருந்தால், யாரோ ஒருத்தி தன் வீட்டு நாயை அனுப்பியிருக்க வேண்டும் என்றுதானே நான் தவிப்பேன்? அந்த ஒருத்தியும் என்னைப் போலச் செருப்பு அலமாரிப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டால்?

"பேசு சுக்கு" என்றேன் மெதுவாக. தலையைச் சாய்த்தது. "குரைடா." அந்த வார்த்தை அதற்குத் தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லையே.

வேறு வழியில்லாமல் நான் குரைத்தேன்.

முதல் குரைப்பு இருமல் மாதிரி வந்தது. இரண்டாவதுக்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன், ஆளில்லாத தோட்டத்தில். மூன்றாவது அடிவயிற்றிலிருந்து வந்தது. புத்ராஜெயாவரை கேட்டிருக்கும். சுக்கு விருட்டென்று எழுந்து நின்றது. காது இரண்டும் பின்னால் போயின. அதன் தொண்டையிலிருந்து துருப்பிடித்த கேட்டைத் திறப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. போட்டது யார் என்று திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டது. நான் மறுபடி குரைத்தேன். அதுவும் குரைத்தது. இந்தத் தடவை முழுசாக, வாய் நிறைய. பொட்டலத்தைக் கிழித்து இருந்த நெத்திலி மொத்தத்தையும் கொட்டிவிட்டேன்.

"அம்மா! அம்மா!" யாழினி சரிவில் உருண்டு புரண்டு வந்தாள். வீட்டில் என்னை 'மா' என்று பாதியாகத்தான் கூப்பிடுவாள். முழு அம்மாவைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது! நாயைக் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால் என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்க போனீங்க? எவ்ளோ நேரம் தேடுறது? ரெண்டு நாய் சத்தம் கேட்டுச்சு, வேற நாய் வந்திருச்சோன்னு பயந்துட்டேன்."

"ஒண்ணு நான்தான்" என்றேன்.

பின்னால் மூச்சிரைக்க வந்த சரஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, சுக்கு பாஸாகுதோ இல்லையோ, நீங்க பாஸ் லா."

சரஸின் காரின் முன்மூடிமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பயம் ஒரு துளியும் குறையவில்லை. இதை எழுதும்போதும் குறையவில்லை. பயம் போன பிறகு முடிவு எடுப்பதாக இருந்தால் நான் இன்னும் பழனியில்தான் இருந்திருப்பேன்.

6

வீட்டிலும் தினம் பழக்க வேண்டும் என்று உத்தரவு. நேற்று மாலை நான் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். யாழினி மாடியில் ஒளிந்தாள். இத்தனை நாள் அவளுடைய அலமாரியில் ஒரு கைக்குட்டை வைக்க இடம் இருக்காது. இப்போது துணியெல்லாம் பெட்டிக்குப் போய்விட்டதால் ஆளே ஒளிய இடம் இருக்கிறது.

சுக்கு படியேறியது. அலமாரிக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து குரைத்தது. வரிசை வீடு அதிர்ந்தது. நான் படியில் பாதி ஏறியிருந்தேன். என் விரல் தானாக உதட்டுக்குப் போய்விட்டது. சுக்கு திரும்பி என்னைப் பார்த்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

விரலை எடுத்தேன். கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டேன். "குரை" என்றேன். அது சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் குரைத்தது. இன்னும் குரைத்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாத்திமா அக்காவின் குரல் கேட்டது. "மல்லிகா! என்னா லா இவ்ளோ சத்தம்? யாரு காணாம போயிட்டா?"

காலி அலமாரிக்குள் யாழினி சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவது கேட்டது. கட்டிலில் அவள் பெட்டி பாதி மூடிக் கிடந்தது.

"இன்னும் யாரும் போகலக்கா!" என்று சுவர் கேட்கக் கத்தினேன்.